மூன்று நாள் நீராகாரம்: பழச்சாறு பாட்டிலா, வீட்டுக் கஞ்சியா?

பொங்கோல்காரர்

வணக்கம். வரும் வெள்ளி முதல் ஞாயிறு வரை திட உணவு இல்லாமல் இருக்கலாம் என்று பார்க்கிறேன். எடை 78 கிலோ, உயரம் 165 செ.மீ., அலுவலக வேலை, மருந்து எதுவும் இல்லை. நாளுக்கு ஆறு பாட்டில் என வீட்டுக்கே அனுப்பும் பழச்சாறு பேக்கேஜ் வாங்குவதா, வீட்டிலேயே கூழ், மோர், சூப் என்று சமாளிப்பதா? உண்மையில் எவ்வளவு எடை குறையும்? அம்மாவும் சேர்ந்துகொள்கிறேன் என்கிறார். அவருக்கு வயது 62. சர்க்கரைக்கு கிளிக்லசைடும் மெட்ஃபார்மினும், ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் போடுகிறார்.

ஊட்டம்

எடையை முதலில் சொல்லிவிடுகிறேன். தராசில் 2 கிலோ குறையலாம், ஆனால் அதில் கொழுப்பு அரைக் கிலோகூட இருக்காது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசையில் சுமார் 400 கிராம் கிளைக்கோஜன் (உடல் சேர்த்து வைக்கும் மாவுச்சத்து) சேமிப்பாக இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு நின்றதும் இந்தச் சேமிப்புதான் முதலில் கரையும், தண்ணீர் சிறுநீராகப் போய்விடும். கொழுப்பின் கணக்கு வேறு. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி. நாளுக்கு 1,100 கலோரி குறைத்தாலும் மூன்று நாளில் 3,300, அதாவது 430 கிராம். திங்கட்கிழமை சோறு சாப்பிட்டதும் தண்ணீர் எடை திரும்பி வரும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

பழச்சாறு பேக்கேஜ் வேண்டாம் என்பேன். 250 மில்லி ஆரஞ்சுச் சாற்றில் சுமார் 110 கலோரி, 21 கிராம் சர்க்கரை, 2 கிராமுக்கும் குறைவான புரதம். ஆறு குவளை குடித்தால் சர்க்கரை 126 கிராம், புரதம் பத்துக் கிராம் தேறினால் அதிகம். 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பே 50 கிராம் சர்க்கரைதான், பழச்சாற்றின் சர்க்கரையும் அதில் சேர்த்தி. இங்கே சிங்கப்பூரில் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால், பானங்களுக்கான நியூட்ரி-கிரேட் தரக் குறியீட்டில் கடைசித் தரமான 'டி'. திராட்சைச் சாறு எளிதில் அதைத் தாண்டிவிடும். புரதம் இவ்வளவு குறைந்தால் உடல் தசையைக் கரைத்துக்கொள்ளும். கீரை, பீட்ரூட் என்று பச்சையாக அடித்த சாறுகளில் கல்லுக்கு வழிவகுக்கும் ஆக்சலேட்டும் அதிகம், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தொடவே கூடாது. 'நச்சு நீக்கம்' என்று விளம்பரத்தில் வருவதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

நல்ல பக்கமும் உண்டு. அடிக்கடி கொறிக்கும் பழக்கம் அறுபடும், அளவு கண்முன் தெரியும். பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில் (2017இல் வெளியானது) நாளுக்கு 825 முதல் 853 கலோரி சூப்பும் ஷேக்கும் மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டில் 46 சதவீதத்தினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு தணிந்திருந்தது. ஆனால் அது மூன்று நாள் கதையல்ல, மூன்று முதல் ஐந்து மாதம். பங்கேற்றவர்கள் நீரிழிவு கண்டு ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். அவர்களுடைய சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை முதல் நாளே மருத்துவக் குழு நிறுத்தியது.

மாத்திரைப்பெட்டி

அதனால்தான் அம்மா இப்படியே சேரக் கூடாது. கிளிக்லசைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும். உணவு பாதியானால் ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழே போய்விடலாம். நடுக்கம், வியர்வை, குழப்பம் வரும். தூக்கத்தில் இறங்கினால் தெரியாமலே போகலாம். மெட்ஃபார்மின் தனியாக இப்படிச் செய்வது அரிது. ரத்த அழுத்த மாத்திரையோடு தண்ணீரும் உப்பும் குறைந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழ நேரிடும்.

அவராக மாத்திரையை நிறுத்துவதும் தவறு. பலதுறை மருந்தக மருத்துவரிடம் மருந்துச் சீட்டைக் காட்டி, 'மூன்று நாளைக்கு 900 கலோரிதான் சாப்பிடப் போகிறேன்' என்று எண்ணோடு சொல்லிக் கேளுங்கள். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி ஆபத்தாகலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுபவர்கள் திடீரென்று கீரைச் சாறு குடித்தால் மருந்தின் வேகம் குறையும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இளநீரும் வேண்டாம், பொட்டாசியம் அதிகம்.

சர்க்கரை இறங்கிவிட்டால் அரை டம்ளர் தண்ணீரில் மூன்று தேக்கரண்டிச் சீனி, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. கர்ப்பிணிகள், பாலூட்டுவோர், முன்பு உணவுக் கோளாறு இருந்தவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

கடுகு தாளிப்பு

உங்களுக்கு மட்டும் ஒரு கணக்கு. காலையில் 20 கிராம் கேழ்வரகு மாவை 300 மில்லி தண்ணீரில் கட்டி தட்டாமல் காய்ச்சி 100 மில்லி பால். பத்தரைக்கு இனிப்பில்லாத சோயாப்பால் 300 மில்லி. காப்பிக்கடையில் வாங்கினால் 'கோசோங்' (சர்க்கரை இல்லாமல்) என்று சொல்லுங்கள். மதியம் 50 கிராம் பாசிப்பருப்பை 600 மில்லி தண்ணீரில் குக்கரில் குழைய வைத்து, மஞ்சள், சீரகம், இஞ்சி சேர்த்து மிக்ஸியில் அடித்த சூப். வடிகட்டாதீர்கள். வடிகட்டினால் நார்ச்சத்து போய் மூன்றாம் நாள் மலச்சிக்கல் வரும். நாலு மணிக்கு 150 கிராம் தயிரில் மோர். இரவு மறுபடி அதே சூப். படுக்கும் முன் கொழுப்பு நீக்கிய பால் 300 மில்லியில் 25 கிராம் பால் மாவு. மொத்தம் சுமார் 870 கலோரி, 60 கிராமுக்குச் சற்று மேல் புரதம். 800க்குக் கீழே போனால் மருத்துவக் கண்காணிப்பு வேண்டும், இறக்காதீர்கள்.

பலரும் கோட்டை விடுவது உப்பில். வெறும் தண்ணீராகக் குடித்தால் முதல் நாள் மாலையே தலைவலி, சோர்வு. சூப், மோர் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு (5 கிராம்) போகட்டும். இடையில் தெளிந்த ரசம் ஒரு குவளை. இந்த வெயிலில் ஓட்டமும் ஜிம்மும் மூன்று நாள் வேண்டாம், மாலை நடை போதும்.

பொங்கோல்காரர்

மிக்க நன்றி. அம்மாவுக்கு மருத்துவரிடம் கேட்ட பிறகே. இரண்டு சந்தேகம்: காலைக் கோப்பியை விட வேண்டுமா? திங்கட்கிழமை எப்படித் தொடங்குவது?

ஊட்டம்

கோப்பியை விடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி வரும், பழி நீராகாரத்தின் மேல் விழும். கோப்பி ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி) ஒன்றிரண்டு குவளை குடிக்கலாம், கெட்டிப்பால் வேண்டாம்.

திங்கள் காலை இரண்டு இட்லி அல்லது குழைந்த கஞ்சி, மதியம் வழக்கத்தில் பாதிச் சோறு, ரசம், வெந்த காய், ஒரு முட்டை. பரோட்டா, பிரியாணி புதன் வரை பொறுக்கட்டும். வயிறு எண்ணெயை உடனே ஏற்காமல் பிடித்திழுக்கும், பேதியாகும். மூன்று நாளை ஏழாக நீட்டாதீர்கள். வாரத்துக்கு 1.5 கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்புக் கூடும். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாமல் இருந்துவிட்டுத் திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்தையே பாதிக்கும்.

மாத்திரைப்பெட்டி

கோலோனோஸ்கோப்பிக்காக (பெருங்குடலைக் குழாய்க் கேமராவால் பார்க்கும் சோதனை) தேடி இங்கே வருபவர்களுக்கு ஒன்று: மேலே உள்ள கூழும் சூப்பும் உங்களுக்கு ஆகாது. உங்களுக்கு வேண்டியது ஊடே பார்க்கத் தெரியும் தெளிந்த திரவம். வடிகட்டிய சூப், சக்கையில்லாத ஆப்பிள் சாறு, பாலில்லாத தேநீர் சரி. பால், மோர், சோயாப்பால் கூடாது. பண்டூங், ரைபீனா போன்ற சிவப்பு, ஊதா நிறப் பானங்களும் கூடாது, குடல் சுவரில் ரத்தம் போலத் தெரியும். எத்தனை மணிக்குக் குடிப்பதை நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவமனை தந்த தாளில் உள்ளபடியே செய்யுங்கள்.