புதுப்பிப்பு: பழைய லாரியில் ஏசி குளிர்ச்சி குறைவு – சரியாகிவிட்டது

ஓடும்போது ஓரளவு குளிர், சிக்னலில் நின்றால் வெறும் காற்று என்று என் பழைய லாரியின் ஏசி பற்றிக் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஏசி கேஸ் குறைவு என்றே பலரும் சொன்னீர்கள். கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தோம். வண்டி நிற்கும்போது ஹை சைடு (கம்ப்ரசர் கேஸை அழுத்தி அனுப்பும் பக்கம்) அழுத்தம் மிக அதிகம்; கேஸ் குறைந்திருந்தால் அது இறங்கியல்லவா இருக்க வேண்டும்! அப்புறம், கண்டன்சர் (ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்) மேல் தண்ணீர் தெளித்துப் பார்க்கும்படி ஒருவர் சொன்னதைச் செய்தேன். இரண்டே நிமிடத்தில் காற்று ஜில்லென்று வந்தது. ஆக, கேஸ் இருக்கிறது, கண்டன்சருக்குக் காற்றுதான் போதவில்லை. விடை கிடைத்தது அங்கேதான்.

சூடான இன்ஜினை அணைத்து, கண்டன்சர் வழியே காற்றை இழுக்கும் இன்ஜின் ஃபேன் நின்றபின் அதைக் கையால் தள்ளினேன். தடையே இல்லாமல் நாலு சுற்று சுற்றியது. சூட்டில் இறுகி ஃபேனை இன்ஜினோடு சேர்த்துச் சுழற்ற வேண்டிய விஸ்கஸ் கிளட்ச் (உள்ளே எண்ணெய் உள்ள இணைப்பு) போயிருந்தது; அதன் முகப்பில் எண்ணெய் கசிந்து தூசி அப்பிக் கிடந்தது. அதை மாற்றியதும், நிற்கும்போது வென்ட்டில் (கேபினுக்குள் ஏசி காற்று வரும் துவாரத்தில்) 19 டிகிரியாக இருந்தது 11 ஆனது.

எதிர்பாராத விஷயம் ஒன்று: கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மெத்தை போல தூசியும் செத்த பூச்சியும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அதையும் கழுவியபின் 8 டிகிரி.