கூலி வேலைக் குடும்பத்தில் மூன்று மாதக் கையிருப்பு வைக்க முடியுமா?

ஏரல் மருமகள்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஐயரம்மா (எங்கள் போதகரின் மனைவி) ஒரு யோசனை சொன்னார்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் சபையில் ஒவ்வொரு வீட்டிலும் மூன்று மாதத்துக்கு அரிசி, பருப்பு, கொஞ்சம் பணம், மருந்து எல்லாம் கையிருப்பு இருக்க வேண்டும், அதைச் சங்கமே ஒரு ஊழியமாக எடுத்துச் செய்யலாம் என்றார்கள். அமெரிக்காவில் மார்மன் சபைக்காரர்கள் வீட்டுக்கு வீடு இப்படித்தான் சேமித்து வைக்கிறார்களாம்.

எனக்கு இதில் முழு மனது. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, யார் மறப்பார்கள்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. இங்கே ஏரலில் தாமிரபரணி ஆறும் குளங்களும் சேர்ந்து ஊருக்குள் வந்தன. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில்தான் இருந்தோம். கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை, வெளியே போகப் பாதையும் இல்லை. தரையில் இருந்த அரிசி மூட்டை அப்படியே ஊறிப்போய்விட்டது. பிள்ளைகளுக்கு எதிர்வீட்டு அக்கா கொடுத்த அவலும் சீனியும்தான் சாப்பாடு.

ஆனால் எங்கள் நிலைமை இதுதான். கணவருக்கு வாழைத்தார் லோடு ஏற்றும் வேலை. வேலை இருக்கிற நாளில் கூலி, இல்லாத நாளில் இல்லை. நான் தையல் தைக்கிறேன். மாமியார் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறார்கள். இரண்டு பிள்ளைகள். ஓட்டு வீடு, இரண்டே அறை, மேலே ஒரு பரண். மூன்று மாதச் சாமான் என்றால் ஐந்து பேருக்கு அரிசியே 100 கிலோவைத் தாண்டும். சங்கத்தில் சிலர் மகளிர் குழுவில் லோன் போட்டு மொத்தமாக வாங்கலாம் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது, எதை முதலில் வாங்குவது, வாங்கியதைப் பூச்சி அரிக்காமல் எப்படிக் காப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தேரிக்காட்டு டீச்சர்:

மகளே, கடன் வாங்கி ஒரு கிலோகூட வாங்காதே. மற்றதெல்லாம் அப்புறம். வட்டி கட்டும் வீட்டில் அரிசி இருந்தாலும் நிம்மதி இருக்காது.

நான் சாத்தான்குளம் பக்கம். அப்பா பனையேறி. பதநீர் ஓடும் மாதங்களில் வருவதை வைத்துத்தான் மீதி வருஷத்தை ஓட்ட வேண்டும். எங்கள் அம்மாவுக்குக் கையிருப்பு வைப்பது தனியாக ஒரு வேலையே இல்லை, குடும்பம் நடத்துவது என்றாலே அதுதான். அம்மா செய்ததைத்தான் நானும் இத்தனை வருஷமாகச் செய்கிறேன். அதையே உனக்கும் சொல்கிறேன்.

மூன்று மாதம் என்ற எண்ணை இப்போதைக்கு மறந்துவிடு. முதலில் ஒரு வாரம். சந்தைக்குப் போகும்போது வழக்கமாக வாங்குகிற சாமானில் ஏதாவது ஒன்றை மட்டும் ஒரு பங்கு கூடுதலாக வாங்கு. இந்த வாரம் அரை கிலோ பருப்பு, அடுத்த வாரம் கல் உப்பு, அதற்கடுத்து ஒரு பாக்கெட் எண்ணெய். ஒரு வாரச் சாமான் சேர்ந்ததும் இரண்டு வாரத்துக்கு முயற்சி செய். கணவருக்கு லோடு நன்றாக ஓடுகிற மாதத்தில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். அப்புறம், ரேஷனில் ஒரு மாதம்கூட விடாதே. அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டுப் பார், அந்த வித்தியாசத்திலேயே பாதிக் கையிருப்பு சேர்ந்துவிடும். ரேஷன் அரிசியை விற்றுவிட்டுக் கடை அரிசி வாங்கும் வீடுகளைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. ஊறவைத்து இட்லிக்கு அரைத்தால் அந்த அரிசிக்கு என்ன குறை?

சாப்பிடாத சாமானை வாங்கி அடுக்காதே. உன் வீட்டில் தினமும் எது வேகிறதோ அதுதான் கையிருப்பு. பழையதை எடுத்துச் சமை, புதியதை அடியில் போடு. டப்பா மேல் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டு.

பூச்சி பற்றிக் கேட்டாய். துவரம்பருப்பை நல்ல வெயிலில் ஒரு பகல் முழுக்கக் காயவை. காய்ந்ததும் சூட்டோடு டப்பாவில் போட்டு மூடக்கூடாது, உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். முறத்தில் ஆறவிடு. பிறகு கிலோவுக்கு ஒரு சின்னக் கரண்டி விளக்கெண்ணெயை இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டு பருப்பை மெதுவாகப் பிசறு. பருப்பு லேசாக மினுங்க வேண்டும், கையில் பிசுபிசுப்பு இருக்கக்கூடாது. அதுதான் பதம். சமைக்கும்போது இரண்டு தண்ணீரில் கழுவினால் எண்ணெய் போய்விடும். வண்டு கிட்டேயே வராது. அரிசிக்கு இதெல்லாம் வேண்டாம். நிழலில் உலர்ந்த வேப்பிலையும் காம்போடு நாலு வற்றல் மிளகாயும் அடுக்கடுக்காகப் போட்டால் போதும். புளியைக் கொட்டை எடுத்து, கல் உப்பு தூவி, மண்பானையில் அமுக்கி வை. அடுத்த புளி வரும்வரை கெடாது.

கருப்பட்டி சீசனில் வாங்கு. சித்திரை, வைகாசியில் விலை இறங்கும். மழைக்காலத்தில் கசியும் என்பதால் அந்தக் காலத்தில் ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே, புகை படுகிற இடத்தில் தொங்கவிடுவார்கள். இப்போது எல்லா வீட்டிலும் கேஸ், புகைக்கு எங்கே போவது? காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் பரணில் வை. சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய், மோர் மிளகாய் எல்லாவற்றையும் பங்குனி வெயிலிலேயே வற்றல் போட்டுவிடு. காய் வராத நாளில் வற்றல் குழம்பும் கருவாடும் இருந்தால் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் சாப்பிடும்.

உங்கள் பக்கத்துக்கு மிக முக்கியமானது இடம். எதையும் தரையில் வைக்காதே. பரணில் கனம் தாங்கும் அளவுக்கு, மூடி இறுகும் பிளாஸ்டிக் டிரம்மில் வை. வெள்ளத்தில் முதல் இரண்டு நாளும் அடுப்பே எரியாது என்று நினைத்துக்கொள். அதற்கென்று ஒரு தூக்குப் பையில் அவல், பொரிகடலை, கருப்பட்டி, சத்துமாவு, பிஸ்கட், டார்ச், தீப்பெட்டி எல்லாம் தனியாக இருக்கட்டும். ஓடும்போது கையில் எடுக்க வேண்டியது அந்த ஒரு பைதான்.

அதே பையில் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கவர். குடும்ப அட்டை, ஆதார், பாங்கு பாஸ்புக், வீட்டுப் பத்திரத்தின் நகல், ஞானஸ்நானச் சான்று, திருமணச் சான்று எல்லாம் அதற்குள். 2023 வெள்ளத்துக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாய் ரேஷன் கடையில் அட்டையை வைத்துத்தான் வந்தது, நினைவிருக்கும். கூடவே 10, 20, 50 ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் பணம். கரண்ட் இல்லாத ஊரில் ஏடிஎம்மும் ஓடாது, செல்போனில் பணம் அனுப்பவும் முடியாது. 500 ரூபாய் நோட்டை நீட்டினால் கடைக்காரரிடம் சில்லறை இருக்காது.

உப்பளத் தொழிலாளி:

டீச்சர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன். நான் தூத்துக்குடியில் உப்பளத்தில் வேலை பார்க்கிறேன். மழை விழுந்தால் பாத்தி கரைந்துவிடும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் வேலை கிடையாது. அரசாங்கம் மழைக்கால நிவாரணம் என்று 5,000 ரூபாய் கொடுக்கிறது. மற்றபடி கோடையில் வெயிலில் நின்று சேர்த்ததுதான். நீங்கள் சொல்கிற மூன்று மாதக் கையிருப்பை நாங்கள் வருஷா வருஷம் தின்று தீர்க்கிறோம். ஜனவரியில் டப்பா காலி. அந்த நேரம் பார்த்து வெள்ளமும் வந்தால்?

இன்னொன்று. நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்றுதானே ஆண்டவர் சொன்னார்? வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து ஆகாரமாக வந்த மன்னாவை மறுநாளைக்கு எடுத்து வைத்தவர்களுக்கு அது புழுத்து நாறியது. எங்கள் ஜெபக்குழுவில் ஒரு அண்ணன் இதைக் கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தேரிக்காட்டு டீச்சர்:

தம்பி, அந்த அண்ணனை வேதத்தில் மன்னாவைப் பற்றி வரும் அதே அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி வாசிக்கச் சொல்லுங்கள். ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்க்கச் சொன்னதும் கர்த்தர்தான். ஓய்வுநாளுக்கென்று எடுத்து வைத்த அந்த மன்னா நாறவும் இல்லை, புழுக்கவும் இல்லை. எகிப்தில் யோசேப்பு ஏழு வருஷ விளைச்சலில் எடுத்து வைத்த தானியத்தால்தான் தேசமே பிழைத்தது. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானும் வேதத்தில் இருக்கிறான். அவன் பேசுவதைப் படித்துப் பாருங்கள், என் தானியம், என் பொருள், என் ஆத்துமா, எல்லாம் என்னுடையதுதான். அடுத்த வீட்டுக்காரன் அவன் பேச்சில் வரவே இல்லை.

உங்கள் முதல் கேள்விதான் என்னைத் தூங்கவிடாது. ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் சேர்த்தால் உங்களைப் போன்றவர்கள் ஜனவரியில் தனியாகத்தான் நிற்பீர்கள். சபை என்று ஒன்று எதற்கு இருக்கிறது? கைப்பிடி அரிசி நம் பக்கத்துக்குப் புதிதில்லை. மிசோரமில் பிரஸ்பிடேரியன் சபைப் பெண்கள் 1910-லிருந்து அதை விடாமல் செய்கிறார்கள். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசி தனிப் பானைக்குப் போகும், அதைப் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ப்பார்கள். ஊழியத்துக்கு அங்கே அந்த அரிசியும் ஒரு பெரிய ஆதாரம். ஒரு பிடியில் எந்த வீடும் பட்டினி கிடக்காது. நம் சங்கங்கள் மழைக்கு முன் நான்கு மாதம் அதைச் செய்து, நம் கோயில் (சர்ச்) அறையில் உயரமான மேடையில் வைத்தால், வேலை இல்லாத வீட்டுக்கு யாரும் கை நீட்டாமலேயே போய்ச் சேரும். கொடுப்பதை இரவில் கொடுங்கள், பெயரை அறிவிப்பில் வாசிக்காதீர்கள். ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருளை ஏலம் விடும்போது ஒரு வாழைத்தாரை ஆயிரக்கணக்கில் கேட்கிற சபைகள் நம்முடையவை. அதில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கச் சபைகளை நடத்தும் சேகரக் கமிட்டியில் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

அசனத்துக்கு (சபையார் கூடிச் சாப்பிடும் விருந்துக்கு) என்று அண்டாவும் வார்ப்பும் பெரிய கரண்டியும் எல்லாக் கோயிலிலும் கிடக்கின்றன. ஊரே சாப்பிடச் சமைக்கத் தெரிந்த ஆட்களும் நம்மிடம் உண்டு. விறகு மட்டும் நனையாத இடத்தில் இருந்தால், தண்ணீர் வடியும்வரை கஞ்சி காய்ச்சிக் கொடுக்க வெளியிலிருந்து வண்டி வரக் காத்திருக்க வேண்டாம்.

கிராம நர்ஸ்:

அக்கா, மாமியார் மருந்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். திறக்காத இன்சுலின் ஃப்ரிஜில்தான் இருக்க வேண்டும். திறந்து போட்டுக்கொண்டிருப்பது பெரும்பாலும் 4 வாரம் வரை ஃப்ரிஜ் இல்லாமலே தாங்கும், ஆனால் சூடு 30 டிகிரியைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு மருந்துக்கும் நாள் கணக்கு மாறும், அதனால் அட்டையில் போட்டிருப்பதைப் பாருங்கள். கரண்ட் போனால் ஒரு பெரிய மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்ன மண்பானையைப் புதைத்து, தண்ணீர் புகாத டப்பாவில் மருந்தை வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். நிழலில், காற்று படுகிற இடத்தில் இருக்கட்டும். ஐஸ்கட்டி மேல் நேராக வைக்க வேண்டாம், உறைந்த இன்சுலின் வேலை செய்யாது. ஊசி, மாத்திரை எல்லாம் எப்போதும் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். தாழ் சர்க்கரை வந்தால் கொடுக்கக் கொஞ்சம் சீனி அந்தத் தூக்குப் பையிலேயே இருக்கட்டும்.

தண்ணீரை யாருமே சொல்லவில்லை. 2023-ல் கூட்டுக் குடிநீர்த் திட்டக் கிணறுகளும் குழாய்களும் ஆற்று வெள்ளத்தில் சேதமானதால் சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை என்று கிடந்தோம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டராவது வேண்டும். எச்சரிக்கை வந்த அன்றே எல்லாக் குடத்தையும் நிரப்பி உயரத்தில் ஏற்றிவிடுங்கள். மழைநீரையும் பிடிக்கலாம், முதல் மழையை ஓடவிட்டு, பிறகு சுத்தமான வேட்டியைக் கட்டிப் பிடித்து, கொதிக்கவைத்துக் குடியுங்கள். கொதிக்கவைக்க வழியில்லாவிட்டால் குளோரின் மாத்திரை. அரை கிராம் மாத்திரை ஒன்று 20 லிட்டருக்கு, போட்டபின் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் பாக்கெட் சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

ஏரல் மருமகள்:

டீச்சர், சிஸ்டர், அண்ணன், எல்லோருக்கும் நன்றி. லோன் பேச்சை விட்டுவிடலாம் என்று ஐயரம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவர்களும் சரி என்றார்கள். கைப்பிடி அரிசியை ஆடி மாதமே தொடங்குகிறோம். ஒரு சந்தேகம். சேர்கிற அரிசி வீட்டுக்கு வீடு வேறாக இருக்குமே, ரேஷன் அரிசி, பொன்னி, பச்சரிசி எல்லாம் கலந்தால் சோறு ஒன்றுபோல வேகாதே?

தேரிக்காட்டு டீச்சர்:

வாங்கும்போதே பிரித்துவிடு மகளே. புழுங்கலுக்கு ஒரு சாக்கு, பச்சரிசிக்கு ஒரு சாக்கு. ரேஷன் புழுங்கலும் பொன்னியும் கலந்தது கஞ்சிக்கு நன்றாகவே குழையும். பச்சரிசி குறைவாகத்தான் வரும், அதை மாதம் ஒருமுறை மாவாக இடித்து, வறுத்து, வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள். சேர்க்கப் போகும் பெண்களிடம் ஒரு நோட்டும் கொடுத்துவிடு. எந்த வீட்டில் படுக்கையில் ஆள் இருக்கிறார், எங்கே கர்ப்பிணி, யாருக்கு இன்சுலின், யார் வீட்டு மாடி உயரம் என்று அரிசி வாங்கும்போதே கேட்டு எழுதிவிடலாம். நம் சபை, அடுத்த சபை, கோயில் பக்கமே வராத வீடு என்று பார்க்க வேண்டாம், தெருவில் இருக்கும் எல்லா வீட்டையும் எழுதச் சொல்.