கியர் இல்லாத, ஷாக் இல்லாத சைக்கிளை மண்பாதையில் ஓட்டுபவர்கள் இருக்கிறீர்களா?

கண்மாய்க்கரை:
எனக்குக் கோவில்பட்டி பக்கம். வைத்திருப்பது 26 இன்ச் சக்கரம், 21 கியர், முன்னால் ஷாக் உள்ள சாதாரண எம்டிபி (மவுண்டன் பைக்). காற்றாலைகளுக்கு நடுவே போகிற மண்சாலை, கண்மாய்க் கரை, வண்டிப்பாதை, வறண்ட ஓடை, இதுதான் வழக்கமாக ஓட்டுகிற இடம். போன வாரம் சித்தப்பா வீட்டில் சும்மா கிடந்த 28 இன்ச் கம்பி பிரேக் சைக்கிளை (பால்காரர்கள் ஓட்டுவார்களே, அந்தக் கறுப்பு வண்டி) எடுத்துக்கொண்டு அதே பாதையில் போனேன். எம்டிபியில் போகும்போது கவனிக்காத கல், பள்ளம் எல்லாம் இதில் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. வேகம் பாதிதான், ஆனால் அவ்வளவு ஜாலியாக இருந்தது. இப்போது எம்டிபியை விற்றுவிட்டு இப்படி எதுவும் இல்லாத வண்டி ஒன்று வாங்கலாமா என்று யோசனை. இல்லை, இது ஒரு மாதத்தில் தீர்ந்துபோகிற ஆசைதானா?

செம்மண்தடம்:
தீராது தம்பி, ஆனால் அந்தக் கறுப்பு வண்டியிலேயே தொடர்ந்தால் தீர்ந்துவிடும். அதில் பெரும்பாலும் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் இருக்கும். ஒரு முழு மிதிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். தார் ரோட்டுக்கு அது சரி, கரையில் ஏறும்போது எழுந்து நின்றாலும் நகராது. பிரேக் அதைவிட மோசம், ஓடைத் தண்ணீரில் இரும்பு ரிம் நனைந்துவிட்டால் வண்டி யோசித்துத்தான் நிற்கும்.

ஏன் ஜாலி என்று கேட்டால், கியர் ஒன்றே ஒன்று என்றால் மேடு வருவதற்கு முன்பே முடிவு எடுத்தாக வேண்டும், இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் வேகத்தைச் சேர்த்துக்கொண்டு அப்படியே எதிர் மேட்டில் ஏற்ற வேண்டும், நடுவில் தயங்கினால் இறங்கித் தள்ளுவதுதான். ஷாக் இல்லை என்றால் முழங்கையும் முழங்காலும்தான் ஷாக், அதனால் சீட்டில் கனமாக உட்காரவே முடியாது. ஐந்து கிலோமீட்டர் வண்டிப்பாதையே போதும், மேற்கு மலைக்கு வண்டி கட்டிப் போக வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் சமதளத்து ஆட்களுக்குத்தான் இந்த மாதிரி சைக்கிள் பொருத்தம்.

வளைகுடாவாசி:
நான் இருப்பது சான் பிரான்சிஸ்கோ பக்கம். மவுண்டன் பைக் என்பதே இந்த மாதிரி வண்டியில் இருந்து வந்ததுதான். இங்கே மாரின் கவுண்டியில் ஃபேர்ஃபாக்ஸ் என்று ஒரு சின்ன ஊர். 1970களில் அங்கே இருந்த இளவட்டங்கள் 1930கள், 40களில் வந்த பழைய ஷ்வின் சைக்கிள்களைக் குறைந்த விலைக்கு வாங்கி, மட்கார்டு எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, மலையின் தீத்தடுப்புப் பாதையில் ஓட்டினார்கள். ஒரே கியர், இருபது கிலோ எடை, பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். 1976 அக்டோபரில் அதில் முதல் பந்தயம். மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். கீழே வந்து சேர்வதற்குள் பின் ஹப் சூடாகி உள்ளே இருக்கிற கிரீஸ் புகையாகப் போய்விடும், ஒவ்வொரு முறையும் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ரீபேக் (மறுபடி அடைப்பது) என்று பெயர். அந்தக் கூட்டத்தில் ஒருவரான கேரி ஃபிஷரின் 4 நிமிடம் 22 விநாடிதான் அங்கே வேகமான நேரம்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த ஆட்கள் எளிமையில் ஆசைப்பட்டு அதை ஓட்டவில்லை, கையில் கிடைத்ததும் உடையாமல் தாங்கியதும் அதுதான். மேலே தள்ளிக்கொண்டு ஏறி அலுத்துப்போய் கியர் மாட்டியவர்களில் அதே ஃபிஷரும் ஒருவர். அதே கூட்டத்து ஜோ பிரீஸ் 1977லேயே இதற்கென்று தனியாக ஃபிரேம் செய்ய ஆரம்பித்துவிட்டார். அதனால் பழசுதான் உண்மையானது என்று யாராவது தத்துவம் பேசினால் காதில் வாங்காதீர்கள்.

முட்டிவலி:
வளைகுடாவாசி சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஷாக் இல்லாத வண்டியில் அரை மணி நேரம் கல்பாதையில் போனால் விரல்கள் மரத்துப் போகின்றன, ஒரே கியரில் மேடு ஏறினால் மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. கியரை வைத்துக்கொள், தம்பி. ஷாக்கை வேண்டுமானால் தூக்கிப்போடு. விலை குறைந்த எம்டிபியில் வருகிற ஷாக்கில் உள்ளே வெறும் ஸ்பிரிங்தான், அமுங்கும், உடனே எகிறும், எடை மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல்.

பஞ்சர்கடை:
விற்க வேண்டாம், விற்றால் பாதி விலைகூட வராது. இருப்பதையே மாற்றலாம். 21 கியர் வண்டி என்றால் பின்னால் மரை போட்டு இறுக்குகிற ஃப்ரீவீலாகத்தான் (பின் பல்சக்கரக் கட்டு) இருக்கும். அதைக் கழற்றிவிட்டு 18 பல் உள்ள ஒற்றைச் சக்கர ஃப்ரீவீல் மாட்டு. முன்னால் இருக்கிற மூன்றில் நடுப் பல்சக்கரத்தை வைத்துக்கொள், அதில் 34 பல் என்றால் ஒரு மிதிக்கு நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, உன் பாதைக்கு அளவு.

இதில் கவனிக்க வேண்டியது செயின் நேர்கோடு. ஒற்றை ஃப்ரீவீல் ஸ்போக் பக்கம் ஒதுங்கி நிற்கும், செயின் கோணலாக ஓடிக் கழன்றுகொண்டே இருக்கும். ஆக்சிலில் வலப்பக்கம் இருக்கிற வாஷரை இடப்பக்கத்துக்கு மாற்றி, ஸ்போக்கை இழுத்து ரிம்மை நடுவுக்குக் கொண்டுவரச் சொல். இருபுறமும் ஸ்போக் இழுவை சமமாவதால் சக்கரம் முன்பைவிடப் பலமாகவும் இருக்கும். செயின் தொங்கினால் இழுத்துப் பிடிக்க எதுவும் வாங்காதே, பழைய டீரெய்லரையே (கியர் மாற்ற செயினைத் தள்ளுகிற பின் கை) அதன் திருகாணியால் ஒரே இடத்தில் நிறுத்திவிட்டால் போதும். பிடிக்கவில்லை என்றால் ஒரு மணி நேரத்தில் பழையபடி கியர் மாட்டிவிடலாம், அண்ணாச்சியும் நிம்மதியாக இருப்பார் (முட்டிவலி அண்ணாச்சியைத்தான் சொல்கிறேன்).

ஷாக் இருக்கட்டும். பணம் மிச்சம் இருந்தால் டயருக்குப் போடு. ஃபிரேமில் இடம் இருக்கிற அளவுக்கு அகலமான டயர், காற்று குறைவாக. எழுபது கிலோ ஆளுக்கு 2.3 இன்ச் டயரில் டியூபோடு 28 பவுண்டு காற்று போதும். நம் ஊரில் எல்லாரும் கல் மாதிரி காற்றடித்துவிட்டு வண்டி குலுக்குகிறது என்பார்கள். ரொம்பக் குறைத்தாலும் கல்லில் ரிம் இடித்து டியூபில் இரட்டை ஓட்டை விழும், அதையும் பார்த்துக்கொள்.

கண்மாய்க்கரை:
எல்லாருக்கும் நன்றி. பஞ்சர்கடை அண்ணே சொன்னபடி மாற்றிப் பார்க்கிறேன். இரண்டு கேள்வி மிச்சம். இங்கே எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேல முள், காற்றைக் குறைத்தால் இன்னும் அதிகமாகக் குத்தாதா? அப்புறம் மழைக்காலத்தில் கரிசல் மண்?

செம்மண்தடம்:
முள்ளுக்குக் காற்று கூடவும் குறையவும் கணக்கில்லை, எப்படியும் குத்தும். உன் வண்டியில் மோட்டார் பைக் மாதிரி வால்வுதான் இருக்கும், நடு ஊசியைக் கழற்றி டியூபுக்குள் சீலண்ட் (ஓட்டை அடைக்கிற திரவம்) ஊற்றிவிடு. முள் குத்தினால் பிடுங்கிவிட்டுச் சக்கரத்தைச் சுற்று, சின்ன ஓட்டை என்றால் அடைத்துக்கொள்ளும்.

கரிசலுக்கு மருந்து கிடையாது. மழை விட்ட அன்று கரிசலில் இறங்கினால் இருபது அடியில் டயர் ஃபிரேமோடு ஒட்டி நின்றுவிடும், கியர் வண்டி என்றால் டீரெய்லரும் முறியும். நீ டீரெய்லரை இழுவைக்கு வைத்திருந்தால் அதுவும் போகும், பஞ்சர்கடை இதைச் சொல்லவில்லை. இரண்டு நாள் காயவிட்டுப் போ, இல்லையென்றால் காற்றாலைக்குப் போகிற கிராவல் சாலையோடு நிறுத்திக்கொள். காப்புக்காட்டுப் பக்கம் மட்டும் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதே, சைக்கிளானாலும் வழக்குதான்.

பஞ்சர்கடை:
ஆமாம், கரிசலை மறந்தே போனேன், எங்கள் பக்கம் எல்லாம் சரளை. வண்டியைப் புரட்டிப்போட்டுப் பின் ஆக்சில் உட்காருகிற பள்ளத்தைப் பார். நீளவாக்கில் இருந்தால் சக்கரத்தையே பின்னால் தள்ளி செயினை இறுக்கிவிடலாம், டீரெய்லரே வேண்டாம். செங்குத்தாக இருந்தால் ஒரு போட்டோ போடு, பார்க்கலாம்.