பழைய டிரெய்லருக்கு பிரேக் பாகங்கள் கிடைக்குமா?

நண்பர்களே, ஓஹாயோவில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 1978 மாடல் டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் நடமாடும் வீடு), இரட்டை ஆக்சில், எலக்ட்ரிக் பிரேக். டிரம்மைக் கழற்றினால் ஒரு பக்கத்தில் பிரேக்கை இயக்கும் மின்காந்தம் உள்ளே செம்புக் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது, டிரம்மை உரசி நிறுத்தும் ஷூவில் லைனிங்கும் (உராய்வுப் பட்டை) போய்விட்டது. ஆக்சில் தகடு துருப்பிடித்து எழுத்தே தெரியவில்லை, கடையில் என்னவென்று சொல்லிக் கேட்பது? டிரம் உள்விட்டம் 10 அங்குலம், ஷூ அகலம் இரண்டேகால், இவையெல்லாம் பொருத்தியிருக்கும் பின்தகட்டுக்கு நான்கு போல்ட். இன்றைய 3500 பவுண்ட் தாங்கும் ஆக்சிலுக்கும் இதே அளவுதான் வருகிறது, அப்படியென்றால் ஷூ, காந்தம், ஸ்பிரிங் எல்லாம் பின்தகட்டோடு சேர்ந்து வரும் முழு செட்டையே இடது வலது பார்த்து வாங்கி மாட்டிவிடலாமா? பழைய டிரம் அதற்கு ஒத்துவருமா? செய்து பார்த்தவர்கள் அவசியம் சொல்லுங்கள், குடும்பத்தோடு ஸ்மோக்கி மலை இறக்கத்தில் இழுத்துப் போக வேண்டிய வண்டி, பிரேக்கில் அரைகுறை வேலை கூடவே கூடாது.