கல்யாணக் கோட்டுக்கு லைனிங் (உள்துணி) – ‘கீழக்கரை வீடு’ குரூப்பில்

சின்னவன்: சாச்சா, நிக்காஹ் கோட்டு க்ரீம் கலர். உள்ளுக்கு மெரூன் சாட்டின், மயில் பிரிண்ட். போட்டோ பாருங்க. வாங்கிரவா?

டெய்லர் சாச்சா (சித்தப்பா): வாங்காதே. க்ரீம் துணிக்குப் பின்னாடி மெரூனை வச்சு வெயிலுக்கு நேரே பிடி. ரோஸ் அடிக்கும். வெளித்துணி வெளிர்னா லைனிங்கும் வெளிர்தான். ஆட்டம் காட்டணும்னா நேவி, கறுப்புக்குள்ள காட்டு.

லாத்தா (அக்கா): சாயமும் பார்க்கணும். வெள்ளைக் கைக்குட்டையை உப்புத்தண்ணில நனைச்சுப் பிழிஞ்சு, லைனிங் மேல பத்துத் தடவை அழுத்தித் தேய். கலர் ஏறுனா வேர்வைக்கும் ஏறும். சட்டை கக்கத்துலதான் முதல்ல தெரியும்.

காக்கா (அண்ணன்): கோட்டுத் துணி இன்னும் வெட்டலையே. நேவியா மாத்திருவோம்.

சாச்சா: அப்ப மயில் சரி, பாலியெஸ்டர் சாட்டின் வேணாம். வேர்வையை உறிஞ்சாம முதுகோட ஒட்டிக்கும், நம்ம கடக்கரைப் புழுக்கத்துக்கு அது தண்டனை. விஸ்கோஸ் கேளு, மரக்கூழ்ல செய்ற துணி. குப்ரோ கிடைச்சா இன்னும் நல்லது. பருத்திக் கொட்டைல ஒட்டியிருக்கிற பொடிப்பஞ்சுல செய்றது. வழுக்கவும் செய்யும், வேர்வையும் இழுக்கும்.

லாத்தா: எத்தனை மீட்டர்?

சாச்சா: 58 இஞ்ச் அகலம்னா ஒண்ணரை. 44னா ரெண்டேகால். மயிலெல்லாம் தலை மேல பார்த்து நிக்கணும்னா கால் மீட்டர் கூட. கைக்கு மட்டும் பிரிண்ட் வேணாம். சட்டை கஃப் நாள் முழுக்க அங்கதான் உரசும். வெள்ளையில பொடிக்கோடு போட்டது, வழுவழுன்னு இருக்கிறது, அது போதும்.

உம்மா: பரமக்குடிச் சேலைத் துண்டு ஒண்ணு மிச்சம் கிடக்கே. அதையே உள்ளுக்கு வச்சா என்ன?

சாச்சா: முழுசா வேணாம் மைனி. ஜரிகை சட்டையை அராவும், கையும் நுழையாது. உள்பாக்கெட் பட்டிக்கு வைக்கலாம். மிச்சத்தை ஒரு இஞ்ச் அகலத்துல கிராஸா, அதாவது இழைக்குச் சாய்வா வெட்டி, ரெண்டா மடிச்சு, கோட்டு முன்பக்கத்து உள்பட்டிக்கும் லைனிங்குக்கும் நடுவுல நூல் கனத்துக்குப் பைப்பிங் (ஓரக்கோடு) விட்டா, கோட்டைத் திறக்கும்போது மட்டும் மினுங்கும். சேலையில மடிப்பு விழுந்த இடத்தைத் தொடாதீங்க, இழை அங்க இத்துப் போயிருக்கும்.

காக்கா: முதுகுல பாதி வரைக்கும் மட்டும் அரை லைனிங் போட்டா காத்து வருமே. செலவும் குறையும்ல?

சாச்சா: காத்து வரும். செலவு குறையாது. கோட்டைத் திறந்தா முதுகுல உள்தையல் மூடாம தெரியும், ஓரத்துக்கெல்லாம் பட்டி கட்டணும், கூலி ஏறும். மயிலும் பாதி முதுகோட நின்னுரும்.

லாத்தா: லைனிங் சீக்கிரம் கக்கத்துல கிழிஞ்சிருதே, துணி மட்டமா?

சாச்சா: பெரும்பாலும் வெட்டுத்தான் குத்தம். கோட்டு அளவுக்கே லைனிங்கை வெட்டுனா கையை முன்னாடி நீட்டும்போது இழுக்க இடமிருக்காது. நடுமுதுகுல கழுத்துலேர்ந்து ஒரு இஞ்ச் மடிப்பு விடணும். கை லைனிங்கைக் கக்கத்துக்கிட்ட அரை இஞ்ச் தூக்கி வெட்டணும், உள்ளே இருக்கிற தையல் கனத்தைச் சுத்தி வரணும்ல. கீழேயும் அரை இஞ்ச் தொங்கல். அது இல்லாம இறுக்கித் தைச்சா கோட்டு விளிம்பு உள்பக்கமாச் சுருளும். விஸ்கோஸ் சுருங்கும், அதனால வெட்டுறதுக்கு முந்தியே நீராவி இஸ்திரி போடணும். ஊசி 11 நம்பருக்கு மேல போனா ஓட்டை தெரியும்.

சின்னவன்: விஸ்கோஸ்ல மயில் இல்லைன்னா?

சாச்சா: பொடி டிசைன் எடு. பெரிய மயிலுன்னா உள்பாக்கெட் வாய் வெட்டுற இடத்துல கழுத்தறுந்துதான் நிக்கும். கைக்குட்டை போட்டோவை முதல்ல அனுப்பு.

உம்மா: என் பூவேலைக் கைக்குட்டையை எவனும் எடுக்கப்படாது.