புது டிராகன் படங்கள்: உங்கள் மேசையில் என்ன நடந்தது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதையாடும் மேசை விளையாட்டின் 2025 மான்ஸ்டர் மேனுவலில் (எதிரி உயிரினங்களின் விவரப் புத்தகம்) டிராகன்களைப் புதிதாக வரைந்திருக்கிறார்கள். அழகா இல்லையா என்ற வாதம் ஏற்கெனவே நிறைய நடந்துவிட்டது. விளையாடும்போது அந்தப் படங்கள் உங்களுக்கு எப்படி உதவின என்று எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

எங்கள் குழுவுக்கு நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துபவன். எதிரி வரும்போது பெயர் சொல்ல மாட்டேன், படத்தைத்தான் காட்டுவேன். பழைய புத்தகத்தை வைத்து ஆடிய காலத்தில் ஒரு சதுப்பு நிலக் காட்சி. பனிமூட்டத்துக்குள் நிழல் மட்டும் தெரிவதுபோல் படத்தை முழுக்கக் கறுப்பாக்கிக் காட்டினேன். முன்பக்கமாக வளைந்த கொம்பைப் பார்த்ததுமே எங்கள் ரோக் (திருடர் பாத்திரம் ஆடுபவள்), "பிளாக் டிராகன்! யாரும் ஒரே வரிசையில நிக்காதீங்க!" என்று கத்தினாள். அது உமிழும் அமிலம் நேர்கோட்டில் பாயும். எல்லாரும் சிதறி ஓடினார்கள். ஒரு டிராகன் படம் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று அன்று தோன்றியது.

இப்படி இனத்துக்கு இனம் கொம்பு வேறுபடுவது 1977 மான்ஸ்டர் மேனுவலுக்காக டேவிட் சதர்லேண்ட் வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்களிலேயே உண்டு. 2000இல் மூன்றாம் பதிப்புக்காக டாட் லாக்வுட்டும் சாம் வுட்டும் அதை எலும்பு, தசை வரை கொண்டுபோனார்கள். நிறமே இல்லாமல் நிழலை வைத்து இனத்தைச் சொல்லிவிடலாம்.

புதிய படங்களையும் அதேபோல் நிழலாக்கிக் காட்டினேன். புளூ டிராகனை மூக்குக் கொம்பு காட்டிக்கொடுத்தது. கோல்டு, சில்வர் போன்ற உலோக வகைகளில் பழைய ஆட்டக்காரர்களே தடுமாறினார்கள். வண்ணத்தோடு பார்த்தால் ஒவ்வொன்றும் பிரமாதம், அதில் சந்தேகமில்லை. ஆனால் நிழலில் அந்தத் தெளிவு குறைந்திருக்கிறது என்பது என் கருத்து.

—

அண்ணா, நான் 2024 விதிகள் வந்த பிறகு ஆட வந்தவள். எனக்குப் பழக்கமானவை புதுப் படங்கள்தான், அதனால் நிழலிலும் எனக்குச் சிக்கல் வரவில்லை. கோல்டு டிராகனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் கதையில் அது வானிலிருந்து இறங்கியபோது, டிஎம் படத்தைத் திருப்பிக் காட்டினார். உடல் நெடுக ஓடும் இறக்கையோடு காற்றில் நீந்துவதுபோல் இருந்தது. அதோடு சண்டை போட யாருக்கும் மனம் வரவில்லை. எங்கள் பாலடின் (புனித வீரன் பாத்திரம்) முதலில் வணங்கினான், அப்புறம்தான் பேச்சே. 1977 புத்தகத்தில் அதே கோல்டு டிராகன் இறக்கையே இல்லாமல், மீசையோடு, சீன டிராகன் சாயலில் இருக்கிறது. காலத்துக்குக் காலம் மாறி வந்த ஒன்றை இப்போது மாற்றினால் மட்டும் ஏன் தப்பு?

—

நான் மேசையில் வைத்து ஆடும் மினியேச்சர் பொம்மைகளுக்கு வண்ணம் அடிப்பவன். என்னிடம் இருப்பவை எல்லாம் லாக்வுட் காலத்து உருவங்களைப் பின்பற்றிய பொம்மைகள். மேசையில் பழைய பொம்மை, புத்தகத்தில் புதுப் படம் என்றால் புது ஆட்டக்காரர்கள் குழம்புகிறார்கள். எங்கள் டிஎம் இப்போது பொம்மையை மட்டும் வைக்கிறார், படம் காட்டுவதில்லை. புது வடிவத்தில் ரெட் டிராகன் கிடைத்தால் முதலில் வாங்குவது நானாகத்தான் இருக்கும். பழையவற்றை விற்கப் போவதில்லை.