ஆபரேஷனுக்கு முன் தரும் தூக்க மருந்து: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

செம்பூரிலிருந்து

அம்மாவுக்கு 74 வயது. வலது மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி, பயம் குறையட்டும் என்று அல்பிரஸோலம் 0.5 மில்லிகிராம் கொடுத்தார்கள். காலையில் தியேட்டர் வாசலில் மிடாஜோலம் என்ற தூக்க மருந்து ஊசி வேறு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அன்று ராத்திரி அம்மா அம்மாவாகவே இல்லை. தென்காசி வீட்டில் இருக்கிற நினைப்பில், மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா என்று கேட்டார், கையிலிருந்த டியூபைப் பிடுங்கப் பார்த்தார். மறுநாள் மத்தியானம்தான் தெளிந்தார். வலி, புது இடம், வயது என்று இதற்குப் பல காரணம் உண்டு, மருந்தை மட்டும் சொல்ல முடியாதுதான்.

இடது காலுக்கு வேறு ஆஸ்பத்திரி போனோம். மயக்க மருந்து டாக்டர் முந்தின நாளே வந்து உட்கார்ந்து, தூங்க மாத்திரை போடுவாரா, குறட்டை விடுவாரா, போன தடவை எப்படி இருந்தார் என்று எல்லாம் கேட்டார். வயதானவர்கள் உடம்பிலிருந்து இந்த மருந்து இறங்க நேரமாகும், குழப்பமும் வரும் என்று தூக்க மருந்தே வேண்டாம் என்றுவிட்டார். முதுகில் ஊசி எப்படிப் போடுவோம், உள்ளே என்ன சத்தம் கேட்கும் என்று அவர் இந்தியில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. இந்த முறை ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

தாராவியிலிருந்து

எங்கள் அனுபவம் நேர்மாறு. பையனுக்கு 4 வயது, 16 கிலோ, குடலிறக்க ஆபரேஷன். மிடாஜோலம் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் கணக்கில் 8 மில்லிகிராம், கசப்பு தெரியாமல் சிரப்பில் கலந்து வாயில் கொடுத்தார்கள். என் கழுத்தை விடாமல் அழுதவன் அரை மணி நேரத்தில் நர்ஸ் அக்காவிடம் சிரித்துக்கொண்டே போனான். அப்புறம் கேட்டால் எதுவும் ஞாபகம் இல்லை. எங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

முலுண்ட், தியேட்டர் நர்ஸ்

இரண்டு பேர் சொல்வதும் சரி. பெரியவர்களுக்கு ஊசியைக் கொஞ்சம் ஏற்றி, இரண்டு நிமிடமாவது பார்த்துத்தான் மேலே கொடுப்போம். கூடவே ஃபென்டனில் என்ற வலுவான வலி மருந்தும் போட்டால் மூச்சு மந்தமாகும், அளவைக் குறைக்க வேண்டும். தினமும் குடிப்பவருக்கோ தூக்க மாத்திரை பழகியவருக்கோ வழக்கமான அளவு ஏறவே ஏறாது. வீட்டு ஆட்கள் 'ஒரு பழக்கமும் கிடையாது' என்று அடித்துச் சொல்லும்போதுதான் எங்களுக்குப் பயம். தயவுசெய்து டாக்டரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள்.

அளவு கூடிப்போனால் அதை முறிக்க ஃபுளுமாஜெனில் என்ற மருந்து இருக்கிறது. ஆனால் அதன் வேகம் தூக்க மருந்துக்கு முன்பே அடங்கிவிடும், ஆள் மறுபடி மயங்கலாம். கண் திறந்து பேசினாலும் உடனே வார்டுக்கு அனுப்பாமல் வைத்திருப்பது இதனால்தான், வெளியே நிற்பவர்கள் கோபப்படாதீர்கள்.